வில்லங்கம் இல்லாத நிலம்

இப்படி அத்தி நிழலுக்கு வந்துடுங்கய்யா. அந்தக் கல்லு மேல மட்டும் உட்கார வேண்டாம், அது எல்லைக் கல்லு, என் கையால நட்டது. இந்தத் திட்டுல உட்காருங்க. முதல்ல தண்ணியைக் குடிங்க. எங்க தீவுல எந்தக் கிணத்துல இறைச்சாலும் உப்புக் கரிக்கும். இந்த ஒரு கிணறுதான் நல்ல தண்ணி. மலைக்கு அடியிலேருந்து ஊத்து வருதுன்னு சொல்லுவாங்க. குடிச்சுப் பாருங்க, அப்புறமா நிலத்தைப் பத்திப் பேசுவோம்.

கூட வந்த ரெண்டு பேரும் ஏன் வெயில்ல நிக்குறாங்க? மூட்டை தூக்குற ஆளுங்களா? நல்ல திடகாத்திரமா இருக்காங்க. நிக்கட்டும், அவங்க பழக்கம் அப்படி இருக்கும். துறைமுகத்துல பேசிக்கிட்டாங்க, உங்க கப்பல்ல ஒரு பொம்பளை முக்காடு போட்டு உட்கார்ந்திருக்காங்களாமே, வீட்டம்மாவா? அவங்களையும் அழைச்சிட்டு வந்திருக்கலாம். நிலம் வாங்குறப்போ பொம்பளைங்க ஒரு பார்வை பார்க்குறது நல்லது. சரி, கடல்ல வந்த தலைச்சுத்தலா இருக்கும்.

நீங்க விலையைக் கேட்கலை பாருங்க. வந்ததும் வராததுமா, "இதுல வில்லங்கம் ஏதும் உண்டா, வேற யாராவது உரிமை கொண்டாடுவாங்களா"ன்னுதான் கேட்டீங்க. அங்கயே எனக்கு உங்களைப் பிடிச்சுப் போச்சு. விவரமான வியாபாரி. உங்ககிட்ட ஒளிவு மறைவு வெச்சுப் பிரயோஜனமில்லை. நடந்தது அத்தனையும் சொல்லிடுறேன். கேட்டு முடிச்சீங்கன்னா, இந்த நிலத்துக்கு இந்த ஆர்கியாஸைத் தவிர இந்த உலகத்துல வேற ஆளே கிடையாதுன்னு உங்களுக்கே தெரிஞ்சுடும்.

எனக்கும் பக்கத்து நிலத்துக்காரன் ஹெர்மோனுக்கும் இந்தத் துண்டுக்குத்தான் சண்டை. எங்க அப்பன் காலத்திலேருந்து வர்ற சண்டை. துண்டு என்னவோ சின்னதுதான், நாலு அத்தி மரமும் ஒரு கிணறும். ஆனா கிணறு இருக்குற துண்டு எவன்கிட்ட இருக்கோ அவன்தானே இங்க ராஜா. நான் கல்லை அந்தப் பக்கம் நகர்த்துவேன், அவன் இந்தப் பக்கம் நகர்த்துவான். கல்லு நடந்த நடைக்கு அதுக்குக் கால் இருந்திருந்தா தேஞ்சு போயிருக்கும்.

ஹெர்மோன் வாய் திறந்து பேசுற ஆள் இல்லை. பேசினா இந்த ஒரே பேச்சுதான். கல்யாண வீடோ சாவு வீடோ, கோயில் திருவிழாவோ, கையில கிண்ணத்தைப் பிடிச்சுக்கிட்டு, "அந்தத் துண்டு என்னுது"ம்பான். ஊர்ல சின்னப் பிள்ளைங்க அவனை மாதிரியே கையை ஆட்டி நடிச்சுக் காட்டும். நல்லவன்தான், இல்லேன்னு சொல்லலை. செத்தவனைப் பத்தி நான் ஏன் தப்பாப் பேசணும்? பிடிவாதக்காரன், அவ்வளவுதான். பிடிவாதக்காரனுக்கு மூளை வேலை செய்யாது, அதுதான் அவன் குறை.

அப்பதான் அந்த வெயில் காலம் வந்துச்சு. பாரசீக மகாராஜா கிளம்பிட்டான்னு சேதி. கடல் மேல படகைக் கட்டிப் பாலம் போட்டு, படையை நடத்திக் கூட்டிட்டு வர்றானாம். அவன் படை தண்ணி குடிக்க இறங்கினா ஆறு வத்திப் போகுதாம். வர்ற வழியில இருக்குற ஊருக்கெல்லாம் முன்கூட்டியே தூதனை அனுப்புறானாம். நாங்க சிரிச்சோம். எங்க தீவோட பேரு பெரிய ஊர்க்காரங்க வாயிலயே நுழையாது, மகாராஜாவுக்கு எங்கேருந்து தெரியப் போகுதுன்னு சொல்லிச் சிரிச்சோம்.

தெரிஞ்சிருக்கு. ஒரு நாள் மத்தியானம் தூதன் வந்து இறங்கிட்டான். ரெண்டு காலுக்கும் ரெண்டு பையை மாட்டின மாதிரி ஒரு உடுப்பு, தாடியில வாசனை எண்ணெய். கூட ஒரு மொழிபெயர்ப்பாளன், நம்ம கிரேக்க ஆளுதான், ஆசியக் கரைக்காரன். அவன் ரொம்ப மரியாதையா, ரொம்பத் தணிஞ்ச குரல்ல சொன்னான்: "மகாராஜா உங்ககிட்ட அதிகமா ஒண்ணும் கேட்கலை. ஒரு பிடி மண்ணு. ஒரு குடுவைத் தண்ணி. கொடுத்தீங்கன்னா நீங்க அவரோட ஜனங்க. கொடுக்கலேன்னா, பின்னால வர்றவங்க வந்து எடுத்துக்குவாங்க." அந்தத் தணிஞ்ச குரல்தான்யா பயமா இருந்துச்சு. கத்தியிருந்தா நாங்களும் கத்தியிருப்போம்.

ஏதென்ஸ்ல இந்த மாதிரி வந்த தூதனைக் குழியில தள்ளினாங்களாம். ஸ்பார்ட்டாவுல கிணத்துல தள்ளிட்டு, உனக்கு வேண்டிய மண்ணும் தண்ணியும் உள்ளேயே இருக்கு, எடுத்துக்கோன்னாங்களாம். கேட்க நல்லாத்தான் இருக்கு. அவங்களுக்குப் படை இருக்கு, பேசுறாங்க. எங்ககிட்ட என்ன இருந்துச்சு? மீன் பிடிக்குற படகும், பழசா ஒரு போர்க்கப்பலும், வாய்ச் சொல்லும். கொடுக்கலேன்னா பாரசீகத்தான் கொளுத்துவான், கொடுத்தா ஏதென்ஸ்காரன் வந்து கேட்பான். மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி. கடைசியில கொடுத்துடலாம்னு ஊர் முடிவு பண்ணிச்சு. யாரும் அதைச் சத்தம் போட்டுச் சொல்லலை, ஆனா முடிவு பண்ணியாச்சு.

பானை செய்யுற சோஸியாஸ்தான் கேட்டான், "கொடுக்குறதுன்னு ஆச்சு, தெருவுல கிடக்குற மண்ணை ஒரு பிடி அள்ளிக் கொடுத்து அனுப்பிடலாமே"ன்னு. மொழிபெயர்ப்பாளன் தலையை ஆட்டினான். "தெரு மண்ணு ஆகாது. விளையுற நிலத்து மண்ணு வேணும். ஜனங்க குடிக்குற தண்ணி வேணும். நிலத்துக்காரன் தன் கையால கொடுக்கணும்."

அங்கதான்யா எல்லாரும் பின்வாங்கினாங்க. எங்க ஊர்ல ஒரு நம்பிக்கை இருக்கு. யார் நிலத்து மண்ணு அந்நியன் கைக்குப் போகுதோ, அந்த வீட்டுல செத்துப் போனவங்க அத்தனை பேரும் பூமிக்குக் கீழ அடிமையாயிடுவாங்க. பாட்டன் பூட்டன் எல்லாரும். உயிரோட இருக்குறவனாவது ஓடித் தப்பிப்பான், செத்தவன் எங்க ஓடுவான்? ஊரே குனிஞ்சு தன் கால் விரலைப் பார்த்துக்கிட்டு நின்னுச்சு. ஒருத்தன் இன்னொருத்தன் முகத்தைப் பார்க்கலை. தூதன் வெயில்ல நின்னுக்கிட்டு இருந்தான். அவன் தாடி எண்ணெய் உருகி வாசனை வந்துச்சு.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும்னு எங்க அம்மா சொல்லுவா. நான்தான் வாயைத் திறந்தேன். நடுவுல போய் நின்னேன்.

"ஹெர்மோன், இங்க வா. இத்தனை வருஷமா ஊரைச் சாட்சி வெச்சு இந்தத் துண்டைக் கேட்டே. இன்னிக்கு அதே ஊரைச் சாட்சி வெச்சு நான் சொல்றேன். அது உன்னுது. உங்க அப்பனுது. எனக்கும் அதுக்கும் இனி ஒரு சம்பந்தமும் இல்லை."

ஊர் தலையை நிமிர்த்திச்சு. ஹெர்மோன் என்னைப் பார்த்தான். அவன் முகத்துல முதல்ல ஒரு சந்தோஷம் வந்துச்சுய்யா, நான் பொய் சொல்லலை, ஒரு நொடி வந்துச்சு. அப்புறம்தான் அவனுக்குப் புரிஞ்சுது.

"ஆர்கியாஸ், இது நியாயமில்லை"ன்னான்.

"என்ன நியாயமில்லை? உன்னுது இல்லையா அப்ப?"

எப்படிச் சொல்லுவான்? காலமெல்லாம் என்னுது என்னுதுன்னு கத்தின வாய், அன்னிக்கு மட்டும் என்னுது இல்லைன்னு எப்படிச் சொல்லும்? மொழிபெயர்ப்பாளன் ஊரைப் பார்த்துக் கேட்டான், "நல்ல தண்ணிக் கிணறு இருக்குற நிலம் யாருது?" ஊரே ஒரே குரல்ல சொல்லிச்சு, "ஹெர்மோனுது." இத்தனை வருஷச் சண்டையில ஒருத்தன் ஒரு தீர்ப்பு சொன்னதில்லை. அன்னிக்கு ஒரு மூச்சுல தீர்ப்பாச்சு.

இதோ, நீங்க காலை வெச்சிருக்கீங்களே, இந்த இடத்துல குனிஞ்சுதான் மண்ணை அள்ளினான். அவன் பொண்டாட்டி மிர்த்தோ அந்த மரத்துக்கிட்ட நின்னு, அடுப்புச் சாம்பலைத் தலையில போட்டுக்கிட்டா. அழலை. தன் மாமனார் மாமியாரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தா, செத்துப் போனவங்களை. எனக்கே ஒரு மாதிரி ஆச்சு. ஆனா யோசிச்சுப் பாருங்க, நான் என்ன தப்பு பண்ணினேன்? என் சொத்தை விட்டுக் கொடுத்தேன். ஊரைக் காப்பாத்தினேன். அன்னிக்குச் சாயங்காலம் அத்தனை பேரும் என் வீட்டுக்கு வந்து என் மதுவைக் குடிச்சுட்டுப் போனாங்க.

தண்ணி அப்படியே இருக்கே, குடிங்கய்யா. சூடாகிடுச்சுன்னா வேற இறைச்சுத் தர்றேன்.

மண் கொடுத்ததோட முடியலை. பாரசீகக்காரன் கணக்கே வேற. எவன் தன் கையால மண் கொடுத்தானோ, அவன்தான் அந்த ஊர்ல மகாராஜாவோட ஆள். கப்பல் கேட்டா அவன்தான் கொண்டு வரணும், ஆள் கேட்டா அவன்தான் திரட்டணும். ஹெர்மோன் இப்படிப் பெரிய மனுஷன் ஆயிட்டான். வேண்டாம் வேண்டாம்னு சொல்லச் சொல்லக் கழுத்துல ஒரு வெங்கலத் தகட்டை மாட்டிட்டுப் போனாங்க. பழைய போர்க்கப்பலைச் சரி பண்ணி, துடுப்புப் போட வீட்டுக்கு ஒரு ஆள் அனுப்புன்னு உத்தரவு. அவன் ஒவ்வொரு வாசலா ஏறி இறங்கினான். ஒவ்வொரு வாசல்லயும் பொம்பளைங்க அவனைத்தான் திட்டினாங்க. மகாராஜாவை யார் திட்டுவா?

அவன் தன் மகன் மேலாஸை முதல்ல ஏத்தினான், தானும் ஏறினான். சோஸியாஸ் தன் ரெண்டு பையனையும் அனுப்பினான், ஒருத்தனை விட்டு ஒருத்தன் போகமாட்டேன்னுட்டான். என் மகனுக்கு அந்த நேரம் பார்த்துத் தோள்பட்டை சரியில்லை. இப்ப நல்லாயிடுச்சு.

அந்தச் சண்டையைப் பத்தி உங்களுக்குத் தெரியாததா? குறுகலான கடல்ல பாரசீகக் கப்பல் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு மோதி, ஏதென்ஸ்காரன் கையில மாட்டிச்சு. நம்ம ஜனங்க ஜெயிச்சுட்டாங்க. சந்தோஷமான சேதிதான். ஆனா எங்க ஊர்ல யாரும் சிரிக்கலை. நாங்க தோத்த பக்கத்துல இருந்தோம்.

எங்க கப்பல்ல போனவங்கள்ல ரொம்பக் கொஞ்சம் பேர்தான் ஒரு மீன் படகைப் பிடிச்சுத் திரும்பி வந்தாங்க. சோஸியாஸுக்குச் சின்னப் பையன் மட்டும் வந்தான். ஹெர்மோன் வந்தான், மேலாஸ் வரலை. மகன் மூழ்குனதைப் பார்த்துட்டு வந்தவன் வீட்டுக்குக் கூடப் போகலை. துறைமுகத்திலேருந்து நேரா பொசைடன் கோயிலுக்குப் போய் பலிபீடத்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டான். எங்க ஊர் வழக்கம் உங்களுக்கும் உண்டுன்னு நினைக்கிறேன். பலிபீடத்துல கை வெச்சிருக்குறவனை யாரும் தொடக்கூடாது. தொட்டா கடல் தெய்வத்தோட கோபம். கை எடுத்துட்டா, அப்புறம் அவன் மனுஷங்க பாடு.

அதுக்குள்ள சேதி வந்துடுச்சு. ஏதென்ஸ் கப்பலும் கூட்டாளிக் கப்பலும் தீவு தீவா நின்னு, மண்ணு கொடுத்தது யாருன்னு கேட்குறாங்களாம். அவங்க சத்தியம் பண்ணியிருக்காங்க: எந்த நிலத்து மண்ணு பாரசீகத்தானுக்குப் போச்சோ, அந்த நிலத்துக்காரன் உசுரும் அந்த நிலமும் தெய்வத்துக்குச் சொந்தம். ஆளைக் காட்டினா ஊருக்கு வெறும் தண்டம். காட்டலேன்னா ஊரே சாம்பல். மேற்கு முனையில கப்பல் பாய் தெரியுதுன்னு மலை மேல இருந்தவன் கத்தினான். ஊர் ஜனம் அத்தனையும் கோயில் வாசல்ல. கையில கல்லு. ஆனா யாராலயும் தொட முடியலை, அவன் பீடத்தை விடலை. வந்ததிலேருந்து அவன் பச்சைத் தண்ணி குடிக்கலை. உதடு வெடிச்சு ரத்தம் காஞ்சிருந்துச்சு.

எனக்கு மனசு கேட்கலைய்யா. எத்தனை சண்டை போட்டாலும் பக்கத்து நிலத்துக்காரன். நான் இங்க ஓடி வந்து, இந்தக் கிணத்துல இறைச்சு, கைக்கு வந்த கிண்ணத்துல ஊத்தி எடுத்துக்கிட்டுப் போனேன். அவசரத்துல கைக்கு வந்த கிண்ணம். இதோ உங்க முன்னால இருக்கே, இதேதான். அகலமான கிண்ணம், ரெண்டு பக்கமும் பிடி. ஒரு கையால தூக்கினா தளும்பிக் கொட்டிடும்.

"ஹெர்மோன், தண்ணி"ன்னேன்.

"எனக்குத் தாகமில்லை."

"உன் கிணத்துத் தண்ணிப்பா. ஒரு வாய் குடிச்சுட்டு வா, வீட்டுக்குப் போலாம். மிர்த்தோ காத்துக்கிட்டு இருக்கா."

உன் கிணறுன்னு நான் சொன்னது அவனை என்னவோ பண்ணிடுச்சு. அழுதான். கடல்ல மகன் போனப்போ அழுதானோ இல்லையோ, அப்ப அழுதான். ஒரு கையை நீட்டினான். நான் கிண்ணத்தைக் கொடுத்தேன். ஒரு கையால பிடிக்க முடியலை, தளும்பிச்சு, இன்னொரு கையையும் கொண்டு வந்தான். உதட்டுல வெச்சு ஒரே ஒரு வாய்தான்.

நான் கல்லெறியலைய்யா. அதை மட்டும் நீங்க யார்கிட்ட வேணும்னாலும் கேட்டுக்கலாம். என் கையில ஒரு கூழாங்கல்லு கூட இல்லை. கிண்ணம் உருண்டு போச்சு, நான் அதை எடுக்கத்தான் குனிஞ்சேன். விளிம்புல ஒரு சில்லு தெறிச்சிருக்கு பாருங்க, அது அன்னிக்கு ஆனது. நான் நிமிர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருந்துச்சு. முதல் கல்லு சோஸியாஸுதுன்னு சொல்றாங்க. பெத்த மனசு, என்ன பண்ணும்?

அப்புறம் கப்பல் வந்துச்சு. உடம்பைக் காட்டினோம். "மண்ணு கொடுத்தவன் இவன்தான், நாங்களே தண்டிச்சுட்டோம்"னோம். தண்டத்தை வாங்கிக்கிட்டுப் போயிட்டாங்க. நிலத்தைப் பத்தி அவங்க அப்போ கேட்கலை, அவசரத்துல இருந்தாங்க. அதோட அந்தக் கணக்கு தீர்ந்துச்சு. பாருங்க, தொடக்கம் முதல் கடைசி வரைக்கும் இந்த ஊர் தப்பிச்சது என் வாயாலயும் இந்தக் கிணத்துத் தண்ணியாலயும்தான். ஒருத்தன் நன்றி சொல்லலை. நான் வர்றதைப் பார்த்தா சந்துக்குள்ள திரும்பிடுறாங்க. பொறாமை. நல்லது செஞ்சவனுக்கு ஊர்ல என்னிக்கு மரியாதை இருந்துச்சு?

நிலம் எப்படி எனக்கு வந்துச்சுன்னு கேட்குறீங்க. வர்றதுக்கு என்ன இருக்கு? அது என்னிக்கும் என்னுதுதானே. தூதன் நின்ன அன்னிக்கு, ஒரு நாளைக்கு, ஊருக்காக வாயால விட்டுக் கொடுத்தேன். அது அன்னிக்குத் தேவைக்குச் சொன்ன சொல்லு. அவன் செத்த பிறகு, கல்லை எங்க அப்பன் நட்ட பழைய இடத்துலயே கொண்டு போய் நட்டேன். யாரும் தடுக்கலை. அன்னிக்கு அவனுது, அதுக்கு முன்னாலயும் பின்னாலயும் என்னுது. இதுல என்ன குழப்பம்?

மிர்த்தோவா? அவ எங்க உரிமை கொண்டாடப் போறா? ஊரை விட்டே போயிட்டா. போற அன்னிக்குக் காலையில இங்க வந்தா. நான் கல்லை மிதிச்சு இறுக்கிக்கிட்டு இருந்தேன். சண்டை போடுவான்னு நினைச்சேன். போடலை. அந்த மரத்தடியில குனிஞ்சு ஒரு பிடி மண்ணை அள்ளி, தன் ஊதா முக்காட்டோட ஓரத்தைக் கிழிச்சு அதுல வெச்சு முடிஞ்சுக்கிட்டா. ஒரு சின்னக் குடுவையில தண்ணி வேணும்னா. நான்தான் இறைச்சு ஊத்தினேன். பாவம், புருஷன் நினைவா வெச்சுக்க எடுத்துட்டுப் போறான்னு நினைச்சேன். இந்த மண்ணு பார்த்தீங்களா, செம்மண்ணுல சிப்பித் தூள் கலந்து மின்னும். தீவுல வேற எங்கயும் இப்படிக் கிடையாது. அழகுக்காகவே வெச்சுக்கலாம்.

கிளம்புறப்போ ஒண்ணே ஒண்ணு கேட்டா. "இது யாரு நிலம்?"

"இப்ப என்னுதும்மா"ன்னேன். "என்னிக்கும் என்னுதுதான்."

"சரி. யார் கேட்டாலும் அதையே சொல்லுங்க. மாத்திச் சொல்லிடாதீங்க"ன்னா.

எவ்வளவு பெருந்தன்மை பாருங்க. நான் அப்படியே உருகிட்டேன். நம்ம பொம்பளைங்களுக்கு இருக்குற மனசு நமக்கு இல்லைய்யா. அன்னிலேருந்து யார் கேட்டாலும் அதையேதான் சொல்றேன். உங்ககிட்டயும் அதையேதான் சொல்றேன்.

என்ன, சாட்சி வேணுமா? அதுக்கென்ன. அதோ, நீங்க வந்திருக்கீங்கன்னு தெரிஞ்சு பாதி ஊர் சரிவுல ஏறி வருது. புது ஆள் வந்தா இவங்களுக்கு வேலை ஓடாது. வாங்க, வாங்க எல்லாரும். சோஸியாஸ், நீ முன்னால வாப்பா. உனக்கும் எனக்கும் பேச்சு வார்த்தை நின்னு போச்சு, இருக்கட்டும், இன்னிக்கு ஒரு நியாயத்துக்காகப் பேசு. இந்த ஐயா இந்தத் துண்டை வாங்க வந்திருக்காரு. இது யாரு நிலம்னு சொல்லு.

கேட்டீங்களா? "ஆர்கியாஸ் நிலம். ஆதியிலேருந்தே அவரு நிலம்தான்." சோஸியாஸ் சொல்றான்யா, வேற யாரோ இல்லை. நீங்கள்லாம் சொல்லுங்கப்பா. ஆமா. ஆமா. அத்தனை பேரும். பின்னால நிக்குற கிழவி கூடத் தலையை ஆட்டுறா பாருங்க. இந்த ஊர் என் விஷயத்துல இப்படி ஒத்துமையாப் பேசி நான் பார்த்ததே இல்லை. எனக்குக் கண்ணு கலங்குதுய்யா. பழி பாவமெல்லாம் ஒரு நாள் தீரும்னு சும்மாவா சொன்னாங்க.

போதுமா உங்களுக்கு? வில்லங்கம் இல்லேன்னு தெரிஞ்சுதா? இனி விலையைப் பேசலாமா?

அது என்ன, மடியிலேருந்து எடுக்குறீங்க? துணி முடிச்சு. ஊதாத் துணி.

இது பொம்பளைங்க முடியுற முடிச்சாச்சே. ஏன் பிரிக்குறீங்க? ஆமாய்யா, இந்த மண்ணுதான், நான்தான் சொன்னேனே, சிப்பித் தூள் மின்னும்னு. இதை எதுக்குக் கீழே கிடக்குற மண்ணோட வெச்சுப் பார்க்குறீங்க? ஒண்ணுதான், ரெண்டும் ஒண்ணுதான். உங்களுக்கு யார் கொடுத்தது இதை? கப்பல்ல உட்கார்ந்திருக்குறது யாரு?

இருங்கய்யா. நீங்க நிலம் வாங்க வந்தவர் இல்லையா? அந்தச் சத்தியம் பண்ணினவங்க கப்பலா உங்களுது?

இருங்க, இருங்க, நான் சொன்னதை நீங்க தப்பா எடுத்துக்கிட்டீங்க. மண்ணு கொடுத்த அன்னிக்கு இது ஹெர்மோன் நிலம். நான் ஊர் நடுவுல நின்னு விட்டுக் கொடுத்துட்டேன். ஊர் பூரா கேட்டுச்சு, ஹெர்மோனுதுன்னு ஒரே குரல்ல சொல்லிச்சு. இவங்களையே கேளுங்க. சோஸியாஸ், சொல்லுப்பா. நீ அங்கதானே நின்னே, தெரு மண்ணு ஆகாதான்னு கேட்டியே, ஞாபகம் இல்லையா? அன்னிக்குச் சாயங்காலம் என் வீட்டுல குடிச்சியே. இப்பதான் ஆதியிலேருந்துன்னு சொன்னே, அதை மாத்திச் சொல்லு. ஒரு வார்த்தை. ஏன்பா எல்லாரும் குனிஞ்சு காலைப் பார்த்துக்கிட்டு நிக்குறீங்க?

இந்த ரெண்டு பேரையும் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்கய்யா. என் பக்கத்துல எதுக்கு வர்றாங்க? கயிறு எதுக்கு? கோயில் இங்கேருந்து பக்கம்தான், நான் ஒரு நடை போய் சாமி கும்பிட்டுட்டு வந்துடுறேன், அப்புறம் உட்கார்ந்து நிதானமாப் பேசுவோம்.

கிண்ணத்தை ஏன் என்கிட்ட நீட்டுறீங்க? உங்களுக்கு ஊத்தினதுய்யா அது, நீங்க ஒரு வாய் கூடக் குடிக்கலை. ரெண்டு கையாலயும் பிடிக்கச் சொல்றீங்களா?

வேண்டாங்கய்யா. எனக்குத் தாகமில்லை.